விசா வேண்டாத ஊருக்கு ஒரு தாய்மாமன்

லலித்பூர், நேபாளம்
12 ஆகஸ்ட் 2024

சின்னண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. இங்கே நான், மோகன், பிரதீபா மூவரும் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். விடிந்ததும் நீ அனுப்புகிற ரோஜாப் பூவும் சிரிப்புத் துணுக்கும் தாங்காமல் உன் நம்பரைத் தடுத்து வைத்து இரண்டு வருஷமாகிறது. அதோடு, போனில் என்றால் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு நீ நழுவிவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

பிரதீபாவுக்குப் பிப்ரவரி மூன்றாவது வாரம் கல்யாணம். பையன் சுஜன், இந்த ஊர்தான். நிச்சயதார்த்தத்தில் பையனுடைய அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "பெண்ணுக்கு மாமன் என்று ஒருவர்கூடவா கிடையாது?" இங்கேயும் மாமன் இல்லாமல் எதுவும் ஆகாது. என் கல்யாணத்தில் பெரியண்ணன் பாதிப் பந்தியில் எழுந்து போனார். மாமல்லபுரத்து ஓட்டலில் சமையல் செய்த நேபாளத்துக்காரனுக்குத் தங்கையைக் கொடுத்த அவமானமாம். நீ செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாய். அதன் பிறகு என் பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூட இந்த மண்ணை மிதிக்கவில்லை.

நீ வருகிறாய். பிரதீபா நெற்றியில் மாமன் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போகிறாய்.

விசா கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே. அவள் பிறந்தபோது எழுதினாய். காது குத்தியபோது எழுதினாய். பூகம்பத்தில் எங்கள் வீட்டுச் சுவர் சரிந்தபோதும் அதையே எழுதினாய். இந்தியாக்காரருக்கு நேபாளத்தில் விசா என்ற ஒன்றே கிடையாது. இங்கேயே குடியிருப்பவளுக்கு அது தெரியாது என்றா நினைத்தாய்? தெரியும். கேட்க அசிங்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சியாமளா

*

செங்கல்பட்டு
2 செப்டம்பர் 2024

அன்புள்ள (எனக்குப் பேனா ஓடுகிறது) தங்கச்சிக்கு,

சின்னண்ணன் பக்தவத்சலம் எழுதுவது. இவ்விடம் நலம். அவ்விடம் நலமா என்று கேட்டால் அதற்கும் திட்டு விழுமோ என்று பயமாக இருக்கிறது. சர்க்கரை மட்டும்தான் என் வீட்டில் ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் எவனும் உட்காருவதில்லை. ஒன்றரை ஆள் இடத்தை நான் பிடித்துக்கொள்கிறேனாம். போன வாரம் பஸ்ஸிலேயே தூங்கிப்போய் என் குறட்டையில் நானே விழித்துக்கொண்டேன்.

விசா விஷயம். நான் விசா என்று எழுதியதைப் பொதுப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தர்ப்பம், சூழ்நிலை, அனுமதி, எல்லாம் சேர்ந்ததுதானே விசா?

உண்மையான எல்லைப் படை கடப்பாக்கத்தில், பெரியண்ணன் வீட்டில் இருக்கிறது. அண்ணாத்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஐஸ் பேக்டரிக்கே போனேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"சியாமளா பொண்ணுக்குக் கல்யாணமாம்ணே."

"இன்னாடா சொன்ன? அந்தப் பேரை இங்க எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்?"

"இல்லண்ணே, மாமன்னு ஒருத்தர்..."

"போறதுன்னா நீ போய்க்கோ. போயிட்டுத் திரும்பி இந்த வூட்டுப் பக்கம் வந்த, ஐஸ் ஒடைக்கிற கட்டையாலயே ஒடைப்பேன்."

எதை உடைப்பார் என்று நான் விளக்கம் கேட்கவில்லை. என் நிலைமையைப் பார்த்தாயா? ஒரு யோசனை தோன்றுகிறது. வீடியோவில் நான் பட்டத்தைக் காட்ட, அங்கே மோகன் மாப்பிள்ளை கட்டிவிட்டால் என்ன? காலம் மாறிவிட்டது தங்கச்சி.

பிரதீபாவுக்கு ஆசிகளுடன்,
சின்னண்ணன்

*

லலித்பூர்
28 செப்டம்பர் 2024

சின்னண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்தபின் எனக்கு மட்டும் தலைவலி.

வீடியோவில் பட்டமா? அப்படியானால் சீர்த்தட்டையும் வீடியோவிலேயே காட்டு, நாங்களும் வீடியோவிலேயே சாப்பாடு போடுகிறோம்.

உனக்கு டிக்கெட் போட்டாயிற்று. சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து காட்மாண்டு. பெரியண்ணன் பேரிலும் ஒன்று போட்டிருக்கிறேன். வருவார் என்று இல்லை. அவர் சீட்டு காலியாகவே பறந்து வரட்டும். "என் அண்ணனுக்கு இடம் இருந்தது, மனசு இல்லை" என்று சுஜனின் அத்தைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. உனக்கு பாஸ்போர்ட் கிடையாது, தெரியும். வாக்காளர் அட்டை போதும், அதை எடுத்துக்கொள். ஆதார் செல்லாது. மறுபடியும் எழுதுகிறேன், ஆதார் செல்லாது.

மோகன் தினமும் கடைக்குப் போகிற வழியில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு அலுவலகம் இருக்கிறது. வாசலில் எட்டுக் கொடி. தலைவர்கள் எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பத்து வருஷம் ஆகிறதாம். "உங்கள் குடும்பம் மாதிரியே" என்று சிரித்தார். இல்லை என்றேன். அவர்களிடம் மேசையாவது இருக்கிறது.

சியாமளா

*

செங்கல்பட்டு
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி உனக்காக வடாம் பிழிந்து காய வைத்தாள். மழை வந்து அதைக் கூழாக்கிவிட்டது. அந்தக் கூழை எனக்கே ஊற்றினாள்.

டிக்கெட் கிடைத்தது. வாக்காளர் அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். அதிலிருக்கும் என் படத்தைப் பார்த்தால் எனக்கே என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கத் தோன்றுகிறது. உன் நாட்டுக்காரர்கள் பயப்படாமல் இருந்தால் சரி. பட்டத்துக்கும் சொல்லியாயிற்று. நம்ம பஜாரில் ஒரே ஒரு ஆள்தான் இன்னும் கையால் வெட்டிக் கொடுக்கிறான்.

ஒரு வேண்டுகோள். அண்ணாத்தைக்கு நேராகப் பத்திரிகை அனுப்பிவிடாதே. அவருக்கு ரத்த அழுத்தம். அவருடைய டிக்கெட்டையும் பத்திரிகையையும் எனக்கே அனுப்பு. நேரம் பார்த்து, முகம் பார்த்து, மீன் நன்றாக விற்ற நாள் பார்த்து நானே கொடுக்கிறேன். இத்தனை வருஷம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பதமாகத்தானே கொண்டு போனேன்?

அன்புடன்,
சின்னண்ணன்

*

லலித்பூர்
15 நவம்பர் 2024

சின்னண்ணனுக்கு,

சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளி கொண்டு வா.

நீ எழுதியது கிடைப்பதற்குள் பெரியண்ணனுக்குக் கடப்பாக்கம் விலாசத்துக்கே பத்திரிகையையும் டிக்கெட்டையும் அனுப்பிவிட்டேன். கல்யாணமாகிப் போன பிறகு அவருக்கு நான் எழுதிய முதல் வரியை உனக்கும் சொல்கிறேன். "இந்த ஊருக்கு விசா கிடையாது, உங்கள் கோபத்துக்கும் கிடையாது, வந்து நேரிலேயே காட்டலாம்."

கிழித்துப் போடட்டும். படித்துவிட்டுக் கிழிக்கட்டும்.

சியாமளா

*

செங்கல்பட்டு
9 டிசம்பர் 2024

தங்கச்சிக்கு,

நலம். புயல் மழையில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. அந்த வரிசையில் நீயும் இருக்கிறாய் என்று சொல்லி வைத்தேன்.

அண்ணாத்தைக்கு விசாவைப் பற்றி ஏன் எழுதினாய்? அந்த ஒரு வரி இல்லாமல் பத்திரிகை அனுப்பியிருக்கக் கூடாதா? வேறு ஏதாவது எழுதினாயா? உடனே பதில் போடு.

கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டார் என்று கேள்வி. அவர் வர மாட்டார். அவருக்காகச் சமைக்காதே.

சின்னண்ணன்

*

செங்கல்பட்டு
21 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கும். விமான நிலையத்திலிருந்தே பிரதீபாவுக்குப் போன் போட்டு, பெரிய மாமா மட்டும்தான் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். எப்படி அப்படி ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டும். சொன்னால் நீயே சிரிப்பாய்.

வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னாடா, பெரிய தொரை மாதிரி நிக்கிற?" திரும்பினால் அண்ணாத்த. வேட்டி, குரங்குக் குல்லா, கையில் ஐஸ் பேக்டரி பேர் போட்ட துணிப்பை.

"நீயும் வரியாண்ணே?"

"டிக்கெட்டு வந்துச்சி. வந்தேன். உன்னாண்ட கேட்டுகினு வரணுமா?"

கவுண்டரில் இருந்த பெண் என் ஆதாரைப் பார்த்தாள். "சார், நேபாளுக்கு ஆதார் எடுத்துக்க மாட்டோம். பாஸ்போர்ட், இல்லேன்னா வோட்டர் ஐடி."

"அம்மாடி, இதுல என் கைரேகை, கண்ணு எல்லாம் கீது. இதுக்கு மேல நான் இன்னாத்த காட்டறது?"

"ரூல் சார்."

வாக்காளர் அட்டை என்னவோ எடுத்துத்தான் வைத்திருந்தேன். எடுத்து வைத்த இடம் வீட்டு மேசை. அவசரத்தில் இந்த மூளை எப்போதும் இப்படித்தான்.

அடுத்தது அண்ணாத்த. அவரும் ஆதாரைத்தான் நீட்டினார். சரி, இரண்டு பேரும் சேர்ந்தே வீடு திரும்பலாம் என்று நான் பெட்டியைத் திருப்பிவிட்டேன். அந்தப் பெண் வயதைப் பார்த்தாள். "உங்களுக்கு ஓகே சார். அறுபத்தஞ்சுக்கு மேலன்னா ஆதார் போதும்."

"கெழவனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணா?" என்றார் அண்ணாத்த.

இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பிறந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினேன். பட்டம், புடவை, மாலை வைத்திருந்த பையை என் கையிலிருந்து அவரே பிடுங்கிக்கொண்டார். போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார், அவளும் ஏதோ சொன்னாள். ஒரே இரைச்சல், எனக்குக் காதில் விழவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்.

ஹிந்தி தெரியாத மனிதர் டெல்லியில் எப்படி விமானம் மாறினார்? ஏதாவது பேசினாரா? உடனே எழுது.

சின்னண்ணன்

*

செங்கல்பட்டு
24 மார்ச் 2025

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஒரு வரியாவது போடு.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து சத்தமே இல்லை. அண்ணாத்த ஏன் இன்னும் திரும்பவில்லை? கடப்பாக்கத்துக்குப் போனேன். ஜெகதாம்பாள் அண்ணி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "அவரு நல்லாத்தான் கீறாரு. தெனம் போன் பண்றாரு. உன்னை வூட்டுக்குள்ள வுடாதன்னு சொல்லிக்கீறாரு" என்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு இரண்டு இலை போடும் வீடு அது.

பிரதீபாவும் போனை எடுப்பதில்லை. சண்டையா? அடிதடியா? நான் வந்து விலக்கி வைக்கட்டுமா?

சின்னண்ணன்

*

லலித்பூர்
18 ஏப்ரல் 2025

பக்தவத்சலத்துக்கு,

இந்த ஊரிலேயே புகுந்த வீட்டில் இருக்கும் பிரதீபாவையும் சேர்த்து நாங்கள் நால்வரும் சுகம். ஆம், நால்வர். உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

பெரியண்ணன் கல்யாண மண்டபத்தில் குல்லாவோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பொண்ணு எங்க?" என்று மட்டும் கேட்டார். பட்டத்தைக் கட்டினார். படகுக்குக் கயிறு கட்டுவது போல இறுக்கிவிட்டார், பிரதீபா நெற்றியில் அதன் தடம் போக இரண்டு நாளாயிற்று. அவள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனார். சுஜனின் அத்தை "இவர் யார்?" என்றாள். மோகன், "மாமா" என்றார். அத்தை வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதும். அதற்குத்தானே கூப்பிட்டேன்.

எல்லோரும் போன பிறகு சண்டை ஆரம்பித்தது. மோகன் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டார். "இத்தனை வருஷத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா?" என்று நான் கத்தினேன். அவர் அதற்கு மேல் கத்தினார்.

"தோணலையா? இவ பொறந்தப்பவே அந்தப் பேமானியக் கூப்ட்டு, போய்ப் பாத்துட்டு வாடான்னு அனுப்சனே! விசா குடுக்கலண்ணேன்னு வந்து நின்னான்! காது குத்துக்கு அனுப்சேன், அதே விசா! பூமி ஆடுன அன்னிக்கு நானே கெளம்புறேன்னு பொட்டியத் தூக்குனேன். உனக்கும் குடுக்க மாட்டாங்கண்ணே, நான் விசாரிச்சிட்டேன்னான். நீ என் பேரச் சொன்னாலே போன வெச்சிடறன்னான்!"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நீ என்ன எழுதினாய் என்று கேட்டார். பழைய கடிதங்கள் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். அண்ணாத்த கோபம் தீரவில்லை, அண்ணாத்த உன் பேரை எடுக்கக் கூடாது என்கிறார், ஐஸ் கட்டையால் உடைப்பேன் என்கிறார். என் முதல் கடிதம் வந்த பிறகு நீ ஐஸ் பேக்டரிப் பக்கமே போகவில்லையாமே?

விமான நிலையத்தில் உனக்குக் காதில் விழாததையும் அவர் சொன்னார். "இந்த ஊருக்கு விசா எப்பத்துலேர்ந்து வேணாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாராம். "எப்பவுமே வேணாம் சார்" என்றாளாம். பக்கத்தில் நீ நின்றிருந்தாயாம். அவர் உன்னைப் பார்த்தாராம். நீ பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தாயாம்.

ஆதார் செல்லாது என்று இரண்டு முறை எழுதினேன். மறதி என்று என்னிடம் சொல்லாதே. நீ இங்கே வந்துவிடக் கூடாது என்று நீயே ஏற்பாடு செய்துகொண்டாய். அறுபத்தைந்து தாண்டிய பெரியண்ணனுக்கு ஒரு சலுகை இருப்பது உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாடுகளுக்கு நடுவே விசா கிடையாது. நீ அங்கே ஒரு சோதனைச்சாவடி போட்டு உட்கார்ந்துகொண்டாய். இரண்டு பக்கத்துப் பேச்சும் உன் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு வீட்டிலும் உனக்கு மரியாதை, உனக்கு இலை, உனக்குச் செய்தி. நான் சுவர் விழுந்த வீட்டில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து, பிறந்த வீட்டில் எவரும் இல்லை என்று அழுதேன். நீ அதை வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய்.

பெரியண்ணன் இங்கேயேதான் இருக்கிறார். எத்தனை நாள் தங்கலாம் என்று மோகனிடம் கேட்டார். இந்தியாக்காரருக்குக் கணக்கே கிடையாது என்று மோகன் சொன்னதிலிருந்து துணி துவைத்துக் கொடியில் போட ஆரம்பித்துவிட்டார். நான் வைக்கும் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று தினமும் திட்டுகிறார். நானும் திட்டுகிறேன். எங்களுக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. நடுவில் ஆள் வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. ஏன்? ஜோக் எழுதாதே.

சியாமளா

*

பைரஹவா, நேபாளம்
27 மே 2025

சியாமளாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. இதைப் படம் பிடித்துப் பிரதீபாவுக்கு அனுப்புகிறேன். அவள் உன்னிடம் காட்டினால் காட்டட்டும்.

ரயிலில் கோரக்பூர் வந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எல்லையில் ஒரு வளைவு, அதற்குக் கீழே கடைத்தெரு மாதிரி கூட்டம். சைக்கிள் ரிக்‌ஷா போகிறது, காய்கறிக் கூடையோடு பெண்கள் போகிறார்கள், ஒரு மாடும் போயிற்று. நான் வாக்காளர் அட்டையைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. போ போ என்று கையை ஆட்டினார். வேறு யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான்.

என்னால் நம்ப முடியவில்லை. திரும்பி இந்தியாவுக்கு வந்து மறுபடியும் நடந்தேன். யாராவது நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை.

ஏன் என்று கேட்டிருந்தாய். செங்கல்பட்டிலும் எழுதிப் பார்த்தேன், ரயிலிலும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் கடைசியில் சிரிப்பு வருகிற மாதிரியே வந்து நிற்கிறது. கிழித்துவிட்டேன். எனக்கு வேறு மாதிரி எழுதிப் பழக்கமில்லை.

உங்கள் ஊருக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறதாம். லாட்ஜில் உட்கார்ந்திருக்கிறேன். நாட்டுக்குள் வந்தாயிற்று. வீட்டுக்கு வரலாமா?

பக்தவத்சலம்

*

லலித்பூர்
28 மே 2025

சுகம்.

காலை பஸ்ஸில் ஏறு. கலங்கி என்ற இடத்தில் இறங்க வேண்டும். தூங்கிப்போகாதே. பிரதீபாவை அனுப்ப மாட்டேன், மோகனும் வர மாட்டார். ஆட்டோ இங்கே கிடையாது, டாக்சிக்காரன் கேட்பதில் பாதி கொடு. விலாசம் உனக்குத் தெரியும், எத்தனை உறையில் எழுதியிருக்கிறாய்.

"வரட்டும், காலை ஒடிக்கிறேன்" என்று பெரியண்ணன் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

சாப்பாடு உண்டு. பேச்சு கிடையாது.

சியாமளா